பெயரை மாற்றினால் கடன் தீருமா?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டு அது. தொடக்கப் பதிப்பில் ஹாபிட், என்ட், பால்ரோக் ஆகியவை டோல்கீனின் நாவல்களில் உள்ள பெயர்களுடனேயே உலவின. அந்நாவல்களின் வணிக உரிமையை வைத்திருந்தோர் ஆட்சேபித்தனர். ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆயிற்று; என்ட் 'ட்ரீயன்ட்' ஆயிற்று; பால்ரோக் பின்னாளில் 'பேலர்' என்ற பெயரில் நிலைபெற்றது. பெயர்தான் மாறியதே தவிர, குள்ள உருவமும் நடமாடும் மரமும் அப்படியே இருந்தன.

சட்டம் இதை ஏற்கிறது. கருத்து எவருக்கும் சொந்தமன்று. அதற்கு ஒருவர் தந்த வடிவத்துக்கே பதிப்புரிமை உண்டு. இது நியாயமும்கூட. டோல்கீனே காண்டால்ஃப் என்ற பெயரையும், தம் குள்ளர்கள் பலரின் பெயர்களையும் 'வோலுஸ்பா' என்னும் பழைய நார்ஸ் பாடலிலிருந்து எடுத்தவர்தாம். பொதுக் கிணற்றில் நீர் இறைத்தவர் அதற்கு மூடி போட இயலாது.

ஆயினும் எனக்கொரு நெருடல் உண்டு. உரியவரின் பெயரை நீக்கிவிட்டால் வழக்கு ஓய்ந்துவிடும். கூடவே, இது எங்கிருந்து வந்தது என்ற தடயமும் மறையும். ஹாஃப்லிங்காக ஆடும் சிறுவனுக்கு ஹாபிட்டைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கடன் வாங்கியதை ஒளிப்பவருக்கே சட்டம் வசதி செய்து தருவதுபோல் ஆகிறது.

இதற்கு மாற்றும் அதே விளையாட்டில்தான் கிடைக்கிறது. 1979-இல் வந்த அதன் நடத்துநர் கையேட்டின் பிற்சேர்க்கை ஒன்றில், தமக்கு ஊக்கமளித்த நூல்களையும் ஆசிரியர்களையும் கைகாக்ஸ் பட்டியலிட்டார். டோல்கீன், லவ்கிராஃப்ட், மூர்காக் எல்லோரும் அதில் உண்டு. எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு பழைய நூல்களைத் தேடிச் சென்ற வாசகர் பலர்.

பின்னர் கடன் வாங்கியவரும் வேலி கட்டினார். 2000-இல் விளையாட்டின் விதிகள் பிறருக்குத் திறந்துவிடப்பட்டபோது, 'பிஹோல்டர்' போன்ற சொந்தக் கற்பனை உயிர்கள் அவ்வனுமதியில் சேர்க்கப்படவில்லை. அதைக் குறைசொல்ல மாட்டேன். படைத்தவருக்கு அவ்வுரிமை உண்டு.

இன்று விளையாட்டு உருவாக்க முனைவோர், உரிமை நிலுவையிலிருந்தால் அனுமதி கேட்கட்டும். காலாவதியாகியிருந்தாலும், பெயரை மாற்றிக்கொண்டாலும், நன்றி சொல்ல ஒரு பக்கம் ஒதுக்கட்டும். இலக்கிய வாசகர்கள் எதிர்பார்ப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான்.