‘சரிங்க’ போதாது

என் மகள் வயிற்றுப் பேத்தி விமானம் ஓட்டப் படிக்கிறாள். விடுமுறைக்கு ராசிபுரம் வந்தால் படிப்பும் கூடவே வரும். போன மாதம் ஒரு சாயங்காலம் டி.வி. ரிமோட்டை மைக் மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டு, “அம்மாயி, நீங்கதான் ஏர்போர்ட் டவர். இதைப் படிங்க” என்று நோட்டை நீட்டினாள். நான் 31 வருஷம் வெளியூர் போன் இணைக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள். எனக்கா வராது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரன்வே எண், காற்றின் திசை, கடைசியாக அன்றைய காற்றழுத்தம் “ஒன் ஜீரோ ஒன் டூ” என்று படித்தேன். அவள் கடகடவென்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். “ம், சரி” என்றேன்.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். “என்ன சரி? ஒன் ஜீரோ டூ ஒன்னுன்னு வேணும்னே மாத்திச் சொன்னேன். நீங்க கவனிக்கவே இல்லையே!”

1012-க்கும் 1021-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டேன். அந்த எண்ணைத்தான் விமானத்தின் உயரம் காட்டும் கருவியில் திருகி வைக்க வேண்டுமாம். ஒன்பது கூட்டி வைத்தால், விமானம் இருக்கும் உயரத்தைவிடச் சுமார் 250 அடி அதிகமாகக் காட்டும். மேகம் மூடிய காலையில் சேர்வராயன் மலைப் பக்கம் போகிறவனுக்கு அந்த 250 அடி இருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருக்கும், அடி இருக்காது.

எனக்குச் சுருக்கென்றது. காது கேட்காமல் விடவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால், அதையே கேட்டதாக மனசு எடுத்துக்கொண்டது. இதே தப்பை வேலையில் இருந்தபோதும் ஒரு தரம் செய்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். டிரங்க் காலில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று ரகம் இருந்த காலம். ஜவ்வரிசி வியாபாரி ஒருவர் கல்கத்தாவுக்கு அர்ஜென்ட் கால் போட்டிருந்தார். லைனில் ஒரே இரைச்சல். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நடுவில் இருக்கும் நாங்களே செய்தியை வாங்கிச் சொல்வதுண்டு. அந்தப் பக்கத்து ஆபரேட்டர் ஆங்கிலத்தில் சொன்னதை ‘ஒன் ஃபிஃப்டி’ என்று வாங்கி, “நூத்தி அம்பது மூட்டைங்க” என்றேன். வியாபாரி “சரிங்க” என்றார். அந்த ஆபரேட்டரிடம் நான் “ஓகே” என்றேன். அவர்கள் கேட்டதோ நூற்றுப் பதினைந்து. ஒரு லாரியில் போயிருக்க வேண்டிய சரக்குக்கு இரண்டாவது லாரி பிடித்து ஏற்றி அனுப்பினார் வியாபாரி. வாடகை, திருப்பி அனுப்பிய செலவு, இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது எல்லாம் அந்த ஒரு ‘சரிங்க’வின் கணக்கில் சேர்ந்தன.

போனில் தந்தி வாங்கும்போது ஒவ்வொரு சொல்லையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வைப்போம்; பெயர் என்றால் ‘எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே’ என்று எழுத்துக் கூட்டுவோம். அன்று அதை நான் செய்யவில்லை. காசு கொடுத்த தந்திக்கு இருந்த மரியாதையை வாய்ப்பேச்சுக்கு நான் தரவில்லை.

பேத்தி படிக்கும் வானொலிப் பாடத்தில் ஃபிஃப்டீனும் கிடையாது, ஃபிஃப்டியும் கிடையாது. ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோ என்று ஒவ்வொரு இலக்கமாகத்தான் பேச வேண்டும். இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் குழம்பக்கூடாது என்று ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் உச்சரிக்கச் சொல்கிறார்கள். எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி; உலகம் முழுக்க 1956 முதல் அதே பட்டியல். ‘ரோஜர்’ என்றால் ‘சரி, செய்கிறேன்’ என்று சினிமா பார்த்து நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பொருள் ‘நீ சொன்னது முழுதும் வந்து சேர்ந்தது’ என்பது மட்டுமே. ஏறும் உயரம், திரும்பும் திசை, ரன்வே, காற்றழுத்தம் போன்றவற்றுக்கு ரோஜர் செல்லாது. எண்ணோடு திருப்பிச் சொல்லியே தீர வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே கொடுமையான சாட்சி இருக்கிறது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டில்லியிலிருந்து மேலேறிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி கொடுக்கப்பட்டிருந்தது. எதிரே டில்லிக்கு இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். எதிரில் விமானம் வருகிறது, இத்தனை மைலில் என்றுகூடக் கட்டுப்பாட்டு அறை சொன்னது. ஆனாலும் கஜகஸ்தான் விமானம் அந்த உயரத்தில் நிற்காமல் இன்னும் கீழே இறங்கியது. இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானத்தில் வானொலியில் பேசுவதற்கென்றே தனியாக ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் கேட்டது அவர். விமானத்தின் பிடி வேறு கையில். அவர் முன்னால் தனியாக உயரம் காட்டும் கருவிகூட இல்லை, விமானிகளுடையதை எட்டித்தான் பார்க்க வேண்டும். இதைப் படித்தபோது இரைச்சல் லைனுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என் நாற்காலிதான் ஞாபகம் வந்தது. வார்த்தை சரியாகத் திரும்பி வந்தால் போதாது, அது வேலை செய்கிற கைக்கும் போய்ச் சேர வேண்டும்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்தது அதைவிடப் பெரிது. மூடுபனி. ரன்வேயின் ஒரு முனையில் கே.எல்.எம். விமானம், அதே ரன்வேயில் பான் ஆம் விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். பக்கமிருந்து, கிளம்புகிறோம் என்றும் கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியம் வந்தது. டவர் ‘ஓகே’ என்று ஆரம்பித்து, பொறுத்திரு, கூப்பிடுகிறேன் என்றது. அதே நொடியில் நாங்கள் இன்னும் ரன்வேயில் இருக்கிறோம் என்று பான் ஆம் பேசியது. விமான வானொலியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’ மட்டும். 583 உயிர்கள் போயின. கிளம்ப அனுமதி தருகிற, அதை ரத்து செய்கிற இடங்களைத் தவிர வேறெங்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை இன்று எடுக்கவே கூடாது என்பது அதன் பிறகு வந்த கட்டுப்பாடு. நம்மூர் பஸ் கண்டக்டர் இரண்டு விசிலை வண்டி எடுக்க மட்டும் வைத்திருக்கிற மாதிரி.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது இந்தப் படிப்புக்குப் போகிறார்கள். காடு விற்ற காசு, லாரி விற்ற காசு, கோழிப்பண்ணையை அடமானம் வைத்த காசு. அவர்களுடைய பெரிய பயம் எந்திரமோ உயரமோ இல்லை, இங்கிலீஷ். டவர் வேகமாகப் பேசினால் புரியாது. புரியவில்லை என்று சொன்னால் அதே அலைவரிசையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும், சிரிப்பார்கள். அதோடு எங்கள் கொங்குப் பேச்சின் மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. பெரியவர் சொன்னால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் “சரிங்க”. மறுபடி கேட்டால் அவர் சொன்னவிதத்தைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். பேத்தியின் தோழி ஒருத்தி, வேறு ஊரில் படிப்பவள், இரண்டாவது தடவை ‘சே அகெய்ன்’ (மறுபடி சொல்லுங்கள்) என்று கேட்டதற்காக, கீழே இறங்கியதும் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாளாம். அதன் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அந்தப் பயிற்றுநர் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்.

கூச்சம் ஆளைக் கொல்லும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியான்கா விமானம், மோசமான வானிலையால் நெடுநேரம் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. அவசர நிலை என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானியோ, வாங்கிய உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் வாலில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மெதுவாகச் சேர்த்தார். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை எடுக்கவில்லை, உயிராபத்து என்று அறிவிக்கும் ‘மேடே’ என்று கூவவும் இல்லை. கேட்டவர்களுக்கு அது சாதாரணத் தகவலாகப் பட்டது. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள்.

காற்றலையை அடைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டால் மற்றவர்கள் எப்போது பேசுவது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒருவனுடைய மைக் பொத்தான் சிக்கிக்கொண்டாலே அந்த அலைவரிசையில் இருக்கிற அத்தனை பேருக்கும் வாயடைத்துப் போகும். அதனால்தான் முதலில் கேள், சொல்லப்போவதை மனசுக்குள் ஓட்டிப் பார், பிறகு அழுத்து என்று கற்றுக்கொடுக்கிறார்கள். நேரம் மிச்சப்பட வேண்டிய இடம் அது. ‘சே அகெய்ன்’ என்பது இரண்டே சொல். அங்கே மிச்சம் பிடிப்பது, லாரியில் பிரேக் ஆயிலை மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியம்.

விமானிகளுக்கான வானொலித் தேர்வை நெடுங்காலமாகத் தொலைத்தொடர்புத் துறை நடத்திவந்தது. 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் அந்தப் பொறுப்பை விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பக்கம் கொண்டுவந்தது. பொறுப்பு கைமாறியிருக்கும் நிலையில் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இரைச்சலோடு பதிவு செய்த பேச்சைக் காதில் போட்டு, புரியாத இடத்தில் ‘சே அகெய்ன்’ கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் மதிப்பெண் கொடுங்கள். புரிந்த மாதிரி நடித்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு, வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்லிக் காட்டி, அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்றும் சோதியுங்கள். என்னைப் போன்ற பழுத்த கையே கோட்டைவிடுகிற இடம் அது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆங்கில அளவுகோலில் ஆறு படிகள். நான்காவது படி இருந்தால் பறக்கலாம். தாய்மொழியின் வாடை உச்சரிப்பில் இருக்கலாம், புரிவதை அடிக்கடி கெடுக்கக்கூடாது, அவ்வளவுதான். ராசிபுரத்து ‘ர’வோடு பேசுகிற பிள்ளை தாராளமாக விமானி ஆகலாம். அமெரிக்க உச்சரிப்புக்கு டியூஷன் வைக்கிற காசை மிச்சம் பிடித்து, வீட்டில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்லப் பழக்குங்கள்.

ஞாயிறு சாயங்காலம் பேத்தி, தான் படிக்கும் ஓமலூருக்குக் கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “போயிட்டு வர்றேன் அம்மாயி” என்றாள். பூ கட்டிக்கொண்டிருந்த நான் தலை நிமிராமல் “சரி” என்றேன்.

செருப்புச் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

“போயிட்டு வா சாமி” என்றேன்.

அப்புறம்தான் படி இறங்கினாள்.