அப்பாவுக்கு வந்தது மகளுக்கும் வருமா?

“மரபணு நோய்” என்று மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி நோயாளியைப் பற்றியதாக இருப்பதில்லை. பிள்ளைகளுக்கும் வருமா, வரன் பார்க்கும்போது சொல்ல வேண்டுமா என்பதுதான். ஈப்போ வாசகி ஒருவரும் அதையே கேட்டார். “அண்ணே, அவருக்கு 63 வயசு. அவங்க பரம்பரையில யாருக்கும் இது இல்ல. மகளுக்குத் தை மாசம் நிச்சயம் வச்சிருக்கோம். மாப்பிள்ளை வீட்டுல சொன்னா என்ன நினைப்பாங்க?”

அனுப்பியிருந்த அறிக்கையில் நோயின் பெயர் இருந்தது: வெக்சாஸ்.

கேள்விப்படாத பெயராக இருந்தால் வியப்பில்லை. இந்தப் பெயரே 2020இல் வைக்கப்பட்டதுதான். அமெரிக்காவில் டேவிட் பெக், டான் காஸ்ட்னர் ஆகியோரின் குழு, காரணம் பிடிபடாத காய்ச்சலும் அழற்சியும் உள்ள 2,500க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அலசியது. மூன்று ஆண்களிடம் யுபிஏ1 என்ற ஒரே மரபணுவில் பிழை இருந்தது. மேலும் தேடியதில் எண்ணிக்கை 25 ஆனது. அத்தனை பேரும் ஆண்கள். அவர்களில் 10 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

அதுவரை ஏன் யாருக்கும் பிடிபடவில்லை? மரபணு நோய் என்றால் தாத்தா பாட்டி வரை விசாரிப்பதுதான் வழக்கம். இந்த நோய்க்கு அப்படி விசாரித்தால் ஒன்றும் கிடைக்காது. பிறக்கும்போது இந்தப் பிழை உடலில் இருப்பதில்லை. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல், எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் ஓர் உயிரணுவில் அது நேர்கிறது. அந்த ஓர் அணு பெருகப் பெருக, பிழையும் ரத்தத்தில் பரவுகிறது.

யுபிஏ1 செய்வது, சொன்னால் சிரிப்பீர்கள், குப்பை வேலை. அணுவுக்குள் தேவை முடிந்த புரதங்களுக்கு ‘இதை அகற்று’ என்று சீட்டு ஒட்டும் வேலையை அதுதான் தொடங்கி வைக்கிறது. அது கெட்டால் குப்பை தேங்கும். வெள்ளை அணுக்கள் எதிரியே இல்லாமல் சண்டைக்கு நிற்கும். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்களுக்கு அது இரண்டு. ஆண்களுக்கு ஒன்றுதான், மாற்று இல்லை.

காய்ச்சல் விட்டு விட்டு வரும். காது மடல் சிவந்து வீங்கும், மூக்கு வலிக்கும், தோல் தடிக்கும், மூச்சு இரைக்கும், காலில் ரத்தம் கட்டும். கூடவே ரத்தசோகை, அதிலும் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். தோலுக்கு ஒரு மருத்துவர், காதுக்கு ஒருவர், நுரையீரலுக்கு இன்னொருவர் என்று அலைவதிலேயே ஆண்டுகள் போய்விடும். ஸ்டீராய்டு கேட்கும், அளவைக் குறைத்தால் திரும்பி வரும். வேறு மருந்துகளும் உண்டு, சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் செய்கிறார்கள். அபூர்வம் என்று ஒதுக்கவும் முடியாது. 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ 4,300 பேருக்கு ஒருவரிடம் இந்தப் பிழை இருப்பதாக 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

இனி அந்த அம்மாவின் கேள்வி. பிழை இருப்பது அவர் கணவரின் ரத்த அணுக்களில். பிள்ளைக்குப் போகும் வித்தணுவில் அல்ல. மகளுக்கு அது போக வழியே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் தாராளமாகச் சொல்லலாம், இந்த விவரத்தையும் சேர்த்தே. மறைத்துவிட்டுப் பிறகு மருத்துவமனை வாசலில் சம்பந்தி பார்ப்பதுதான் சங்கடம்.

ஆனால் அழற்சி நோய்கள் எல்லாமே இப்படி அல்ல. 1997இல் மரபணு கண்டறியப்பட்ட மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல் பெற்றோர் வழி வருவது. சிலருக்கு வளர்ந்த பிறகும் தலைகாட்டும். அதனால் ‘மரபணு’ என்ற சொல் காதில் விழுந்ததும் மருத்துவரிடம் கேளுங்கள்: “இது பிறவியிலேயே இருந்ததா, இடையில் வந்ததா?”

வீட்டில் பெரியவர் யாருக்காவது காது இப்படிச் சிவந்தால், உடனே கைப்பேசியில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்குள் பெரும்பாலும் வீக்கம் வடிந்திருக்கும்.