பெத்தானியாவின் நறுமணம்

புனித வாரத்துத் திங்களன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படும் நற்செய்தி, யோவான் 12-ஆம் அதிகாரத்தின் தொடக்கப் பகுதியாகும். பெத்தானியாவில் நடந்த விருந்தில் இலாசரின் சகோதரி மரியா, ஆண்டவரின் பாதங்களில் விலையுயர்ந்த தைலம் பூசித் தன் கூந்தலால் துடைத்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். வீடெங்கும் அத்தைலத்தின் மணம் பரவியதையும் நற்செய்தியாளர் மறவாமல் குறித்துள்ளார். அந்த மணம் எத்தகையதாக இருந்திருக்கும்? மல்லிகையையோ சந்தனத்தையோ மனத்திற்கொண்டே பலரும் அப்பகுதியைக் கேட்டு வருகிறோம்.

1995-இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பில் அதன் பெயர் இலாமிச்சை. அச்சொல்லைக் கேட்டதும் தமிழர் வெட்டிவேரை ஒத்த விலாமிச்சை வேரை நினைப்பது இயல்பு. ஆனால் கிரேக்க மூலத்தில் வரும் 'நார்தோஸ்', இமயமலையில் 3000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரங்களில் வளரும் சிறு செடியொன்றின் வேரிலிருந்து பெறப்பட்டது என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. அந்த வேர் நமக்கு அந்நியமானதன்று. நாட்டு மருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கூந்தல் தைலம் காய்ச்சும் பாட்டிமார் அதை நன்கறிவர்.

எந்தப் பெரிய நிறுவனத்தையும் சாராது, தமது சிறு பட்டறையிலேயே வேர்களை ஆவியில் வடித்துத் தைலம் இறக்கும் ஒருவரிடமிருந்து சடாமாஞ்சில் தைலம் ஒரு சிறு குப்பி அண்மையில் நமக்குக் கிடைத்தது. இத்தகைய தைலங்களை நேரே தோலில் தடவலாகாது. ஆகவே ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு துளி விட்டு மணிக்கட்டில் பூசினோம். கைக்குட்டை ஒன்றிலும் ஒரு துளி தெளித்தோம்.

முதலில் எழுந்த வாசனையை இனிமை என்று சொல்ல முடியாது. மழையில் நனைந்த மண், நெடுநாள் திறவாத மரப்பெட்டி, சற்றே ஆட்டுப்பட்டி, இவை மூன்றும் கலந்தது போலிருந்தது. உடனிருந்த சிறுவர் மூக்கைச் சுளித்தனர். ஒரு நாழிகை சென்றபின் அக்காரம் தணிந்து, சாம்பிராணியை நினைவூட்டும் மென்மை வந்தது. மறுநாள் மாலையிலும் கைக்குட்டையில் அது அடங்கவில்லை. கடைகளில் விற்கும் வாசனைத் திரவியங்கள் முதற்கணத்திலேயே நம்மை மயக்கிவிட்டு விரைவில் அகன்றுவிடுகின்றன. இதுவோ பொறுத்திருப்போருக்கே தன்னைக் காட்டுகிறது. ஆண்டவர் தம் அடக்க நாளைக் குறிப்பிட்டுப் பேசிய அந்த விருந்தறையில் பரவியது பூவின் மணமன்று, மண்ணின் மணம். நமக்கு இது புதிய செய்தியாகவே பட்டது.

இத்தைலத்தின் பயணமும் சிறியதன்று. கங்கைக் கரை வழியே வந்த நார்தோஸ், சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து மேலை நாடுகளுக்குக் கப்பலேறியதை முதலாம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் கூறுகிறது. வீயன்னாவில் பாதுகாக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடொன்றிலும், முசிறியிலிருந்து சென்ற கப்பலின் சரக்குகளுள் அது இடம் பெற்றுள்ளது. இத்தனை தொலைவு கடந்த பண்டத்திற்குப் போலிகள் தோன்றியதில் வியப்பில்லை. உரோமையரான பிளினியே அக்காலத்துக் கலப்படங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நற்செய்தியாளர் கலப்பற்ற தைலம் என்று குறித்ததன் அருமை இப்போது விளங்கும். அதன் மதிப்பாக யூதாசு சொன்ன 300 தெனாரியம், ஒரு கூலியாளின் 300 நாள் கூலி.

இன்றும் போலிகளுக்குக் குறைவில்லை. திருத்தல வாசல்களிலும் திருநாட்டு யாத்திரைக் கடைகளிலும் 'விவிலியத் தைலம்' என்ற பெயரில் விற்பனையாகும் குப்பிகளுள் பல, செயற்கை வாசனை கலந்த எண்ணெயே. அவற்றைப் புனித எண்ணெய் என்று நம்பி நோயாளிகளின் நெற்றியில் பூசும் குடும்பங்களும் உள்ளன. திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் பூசப்படும் கிறிஸ்மா, ஆயர் அவர்கள் அர்ச்சிக்கும் தைலம், கடையில் கிடைப்பதன்று. ஆண்டவர் மோசேக்குக் கற்பித்த திருப்பொழிவு எண்ணெயை வேறெவரும் அதே கலவையில் செய்யலாகாது என விடுதலைப் பயணம் 30-ஆம் அதிகாரம் தடை விதிப்பதை வீட்டில் வாசித்துப் பாருங்கள். நோயாளி இருந்தால் பங்குத் தந்தையை அழைப்பதே முறை.

கலப்பற்ற தைலத்தை வாங்குவோர் எண்ண வேண்டியதும் ஒன்றுண்டு. வேருக்காகச் செடியை முழுவதுமாகப் பிடுங்குவதால் இமயத்தில் சடாமாஞ்சில் அருகி வருகிறது. 1997-இல் அது பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. வேர் எங்கிருந்து வந்தது, வளர்த்ததா, காட்டில் தோண்டியதா என்று விற்பவரைக் கேளுங்கள், நேர்மையானவர் சொல்லிவிடுவார். ஒரு குப்பியைப் பல குடும்பங்கள் பகிர்ந்து கொண்டாலும் போதும். அன்பியக் கூட்டத்தில் அந்நற்செய்தியை வாசிக்குமுன் ஒரு துளியைப் பஞ்சில் விட்டு நடுவே வைத்தால், வாசகம் முடிவதற்குள் அறை நிறைந்துவிடும்.