பே ஷீற் கேட்டால் நன்றிகெட்டவர்களா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலோ கொம்பனியிலோ வேலை செய்கிற பிள்ளை முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்கலாம். அக்காவின் கலியாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்கலாம். சம்பளத்தைக் கூட்டித் தரச்சொல்லியும் கேட்கலாம். முகம் சுளித்தாலும் ஏதோ ஒரு பதில் வரும். ஆனால் "அண்ணை, பே ஷீற் ஒண்டு தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். "ஏன் தம்பி, எங்களில நம்பிக்கை இல்லையோ?"

நம்பிக்கை இருக்கோ இல்லையோ என்பதல்ல கேள்வி. சம்பளம் என்பது கணக்கு. கணக்கில்லாமல் கையில் வைக்கப்படுகிற காசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது கொடையாகத்தான் இருக்கும், கூலியாக இருக்காது. கொடை கொடுப்பவர் நினைத்தால் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். எங்கட தலைமுறை இதைப் பேசாமல் விடுவதால்தான் யாழ்ப்பாணத்தில் தனியார் வேலை இன்னமும் "அரசாங்க வேலை கிடைக்கும்வரைக்கும்" என்ற இடத்திலேயே நிற்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

எங்கட கூட்டத்தில் புடவைக்கடையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பார்மசியில், தனியார் பாடசாலையில், ரியூட்டரியில், லீசிங் கொம்பனியில் வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் "உன்ர அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டோம். பலரால் கையில் வருகிற தொகையை மட்டும்தான் சொல்ல முடிந்தது. எதற்கு எவ்வளவு வெட்டப்படுகிறது, வெட்டிய காசு எங்கே போகிறது என்று தெரியவில்லை. இவர்களில் கணக்கியல் படித்தவர்களும் உண்டு. அடுத்தவனின் ஐந்தொகையைச் சமப்படுத்தத் தெரிகிறது. சொந்தச் சம்பளம் தெரியவில்லை.

ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கட மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வையுங்கள்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது நாங்கள் ஈ.பி.எவ். என்று சொல்வதற்கு, உங்கட சம்பளத்தில் 8 வீதம் வெட்ட வேண்டும். அது 3,200 ரூபா. முதலாளி தன் பையிலிருந்து 12 வீதம், 4,800 ரூபா போட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, ஈ.ரி.எவ்.வுக்கு, அவர் இன்னும் 3 வீதம், 1,200 ரூபா கட்ட வேண்டும். இதில் உங்களிடம் ஒரு சதமும் எடுக்கக் கூடாது. கையில் 36,800 வரும். உங்கட பெயரில் மாதம் 9,200 சேரும், வருடத்துக்கு 110,400. வேறு வெட்டு என்ன? சம்பளமில்லா லீவு, நீங்கள் எடுத்த அட்வான்ஸ் போன்றவைதான். வருமான வரி 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் உழைப்பவருக்குத்தான். 40,000 ரூபாச் சம்பளத்தில் "ராக்ஸ்" என்று யாராவது வெட்டினால் அது எந்த ராக்ஸ் என்று கேளுங்கள்.

இனி எங்கட ஊரில் நடப்பதற்கு வருவோம்.

முதலாவது வகை, "கையில முழுசாத் தாறம்". ஈ.பி.எவ். வெட்டினால் உனக்குத்தானே நட்டம், 40,000ஐயும் அப்படியே கொண்டு போ என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு 3,200 மிஞ்சியது போலத் தெரியும். முதலாளி கட்டாமல் விட்டது 6,000. வருடத்துக்கு 72,000 ரூபா உங்கட பணம் அவருடைய கல்லாவில் நிற்கிறது. நீங்கள் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தக் கடிதம் சட்டத்தின் முன் செல்லாது. தற்காலிகம், ரெயினிங், நாட்கூலி என்ற பெயர்களும் செல்லாது. தற்காலிக ஊழியரும் பயிலுநரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். நாலைந்து பேர் வேலை செய்கிற சின்னக் கடையும் வருகிறது.

இரண்டாவது வகை, இரண்டு பங்கையும் உங்களிடமே எடுப்பது. 8 வீதத்தோடு 12 வீதத்தையும் சேர்த்து 20 வீதம் வெட்டி 32,000ஐக் கையில் தருவது. முதலாளியின் பங்கை ஊழியரின் சம்பளத்தில் கழிப்பதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. பே ஷீற் இல்லாத இடத்தில் இதை நீங்கள் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள்.

மூன்றாவது வகை கொஞ்சம் படித்தவர்களின் வேலை. அடிப்படைச் சம்பளம் 30,000 என்று எழுதி, மிச்சப் பத்தாயிரத்துக்கு "இன்சென்ரிவ்" என்று பெயர் வைப்பது. மாதாமாதம் ஒரே தொகையாக வருகிற காசுக்குப் பெயரை மாற்றினால் அது ஊக்கத்தொகை ஆகிவிடாது. ஆனால் முதலாளியின் பங்கு 6,000இலிருந்து 4,500க்கு இறங்கிவிடும். ஐந்து வருடத்தில் நீங்கள் இழப்பது 90,000. பணிக்கொடையும் அடிவாங்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த அரை மாதம் 20,000இலா 15,000இலா கணக்குப் பார்க்கப்படும் என்பதை நீங்கள் கண்ணால் காணாத ஒரு தாள் தீர்மானிக்கிறது.

நான்காவது வகை, கையெழுத்து ஒரு தொகைக்கு, காசு இன்னொரு தொகைக்கு. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகியிருக்கிறது. பதிவேட்டில் அந்தத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு அதைவிடக் குறைவாகக் கையில் வைப்பது எங்கட நண்பர்களுக்கே நடந்திருக்கிறது.

ஐந்தாவது வகைக்கு அலங்காரப் பெயர் தேவையில்லை. 8 வீதத்தை வெட்டிவிட்டு நிதிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது களவு.

இதையெல்லாம் சொன்னால் வருகிற முதல் மறுமொழி: "நாங்கள் குடும்பம் மாதிரி. மத்தியானச் சாப்பாடு தாறம், தீபாவளிக்கு உடுப்பு எடுத்துத் தாறம். கணக்குப் பார்க்கிறியளோ?" பார்க்கிறோம். சேமலாப நிதிச் சட்டம் முதலாளி தருகிற சாப்பாட்டின் பெறுமதியைக்கூட உழைப்பாளியின் வருமானமாக எண்ணி அதற்கும் பங்கு கட்டச் சொல்கிறது. நீங்கள் தயவு என்று காட்டுகிற சோற்றைச் சட்டம் எங்கட கூலியின் ஒரு பகுதி என்கிறது.

இந்தக் "குடும்பம் மாதிரி" எங்கேயிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணச் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் குடிமைத் தொழில் என்ற பெயரில் சாதியால் கட்டிவைத்த மனிதரிடம் வேலை வாங்கியது. அறுவடைக்கு நெல், விசேசத்துக்கு வேட்டி, சாவீட்டில் ஒரு பங்கு. கூலி என்று கேட்க முடியாது, கொடுத்ததை வாங்க வேண்டும். அந்த முறை சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறவரின் "நான் பார்த்துத் தருவன்" என்ற வாயில் அது இன்னும் உயிரோடு இருக்கு. ரியூட்டரியிலும் தனியார் பாடசாலையிலும் அதற்கு "கல்விச் சேவை" என்று இன்னொரு பெயர். பெற்றோரிடம் கட்டணம் வாங்கும்போது ரசீது இருக்கிறது. ரீச்சருக்குச் சம்பளம் கொடுக்கும்போது மட்டும் சேவையா?

இரண்டாவது மறுமொழி, "சின்ன வியாபாரம், இதுக்கெல்லாம் ஆள் வைக்கேலாது". பே ஷீற்றுக்கு ஆள் தேவையில்லை. ஒரு தாள் போதும். பெயர், ஈ.பி.எவ். இலக்கம், மாதம், வேலை செய்த நாள், அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், ஓவர்ரைம் மணித்தியாலமும் அதற்கான காசும், 8 வீத வெட்டு, அட்வான்ஸ், கையில் வருவது. கீழே தனியாக முதலாளியின் 12 வீதமும் 3 வீதமும். எக்செல் தெரிந்த ஒருவருக்கு அரை நாள் வேலை. ஒவ்வொரு மாதமும் நிதிக்கு அனுப்புகிற சீ படிவத்தில் இந்த விபரங்களில் முக்கியமானவை எப்படியும் இருக்க வேண்டும். பே ஷீற் தயாரிக்க முடியாது என்கிற கடை அந்தப் படிவத்தை எப்படி அனுப்புகிறது? அனுப்புகிறதா?

ஓவர்ரைம் வரியை வேண்டுமென்றே சேர்த்தோம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டுகிற கடையில் ஆறு நாள் நின்றால், சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழித்தாலும் 60 மணித்தியாலம். நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த 15 மணித்தியாலம் எந்தத் தாளிலும் இல்லை. தாள் இல்லாததன் காரணமும் அதுதான்.

மூன்றாவது மறுமொழி எங்கட பக்கத்திலிருந்தே வருகிறது. "ஈ.பி.எவ். காசைக் கொழும்பு தின்னும், கையில வாறதுதான் எங்கட." இதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனபோது அந்த வருடத்துக்கு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் முறிகளைத் தொடாமல் தொழிலாளரின் ஓய்வுகால நிதியில் கை வைத்தார்கள். அதற்கு எதிராகக் கத்தியவர்கள் தங்கட பெயரில் கணக்கு வைத்திருந்தவர்கள். கணக்கே இல்லாதவனுக்குக் கத்துவதற்கும் ஒன்றுமில்லை. அதோடு, இந்த ஊர் 1995இல் ஒரே இரவில் எழும்பி நடந்த ஊர். கடை எரியலாம், முதலாளி கனடா போகலாம். மத்திய வங்கியில் உங்கட இலக்கத்தில் ஏறிய காசு அந்தக் கடையோடு போகாது.

2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்தார்கள். "தனியார் துறைக்குப் போக இவைக்கு என்ன வருத்தம்?" என்று அப்போது நக்கலடித்தவர்களில் கடை வைத்திருப்பவர்களும் இருந்தார்கள். வருத்தம் இதுதான். அரசாங்க வேலையில் ஒரு தாள் வரும். அதைக் கொண்டு வங்கியில் கடன் கேட்கலாம், வாடகைக்கு வீடு கேட்கலாம். உங்கட கடையில் பத்து வருடம் நின்றவருக்குக் காட்ட என்ன இருக்கு?

லண்டனில் இருக்கிற எங்கட சொந்தங்களைக் கேளுங்கள். அங்கே 2019 ஏப்ரலிலிருந்து ஊழியர் மட்டுமல்ல, மணித்தியாலக் கணக்கில் வேலைசெய்யும் தொழிலாளியும் விபரமான பே ஸ்லிப் பெறுவது சட்ட உரிமை. பெற்றோல் செற்றில் நின்ற காலத்தில் ஒரு மணித்தியாலம் குறைந்தாலும் கேட்டு வாங்கியவர்கள் ஊருக்கு வந்து முதலீடு செய்கிறார்கள். இங்கே அதே தாளைக் கேட்டால் "ஊர்ப் பெடியளுக்கு இப்ப வாய் கூடிப்போச்சு" என்கிறார்கள். பவுண்ஸில் உழைக்கும்போது இருந்த உரிமை ரூபாவில் ஏன் வாய்க்கொழுப்பாகிறது?

அப்ப என்ன செய்வது? வேலைக்குச் சேர்கிற நாளிலேயே நியமனக் கடிதமும் ஈ.பி.எவ். இலக்கமும் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் கையில் வந்ததை, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதுங்கள். வங்கியில் போடச் சொல்லுங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்குரிய ஈ.பி.எவ். காசு அடுத்த மாதக் கடைசி நாளுக்கு முன் கட்டப்பட வேண்டும். உங்கட கணக்கு மீதியைப் பார்த்து அது ஏறுகிறதா என்று சரிபாருங்கள். ஏறவில்லை என்றால் யாழ்ப்பாணத்திலேயே தொழில் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. பிந்தினால் முதலாளிக்கு 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். நீதிமன்றம் மூலமும் அறவிடலாம்.

தனியாகக் கேட்டால் வேலை போகும் என்ற பயம் பொய்யில்லை. அதனால்தான் தனியாகக் கேட்கச் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். ஒரு புடவைக்கடையின் ஒரு மாடியிலேயே ஏழு பேர் நிற்கிறார்கள். சங்கம் வரைக்கும் இன்றைக்கே போக வேண்டாம். இந்த மாதச் சம்பள நாளில் ஏழு பேரும் ஒன்றாக, மரியாதையாக, ஒரே வசனத்தைச் சொல்லுங்கள்: "அண்ணை, பே ஷீற்றோட தாங்கோ."