கூடத்துப் பேச்சு: எடையில்லாத வாள்

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை அருந்திவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தேன். தொலைபேசி மணி அடித்தது. மயூர் விஹாரில் வசிக்கும் என் நண்பர் பேசினார். நாற்பது ஆண்டுகளாகத் தலைநகரில் வாழ்பவர். மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நிதானத்துக்குப் பெயர் போனவர். அன்று அவருடைய குரல் நடுங்கியது.

"ஓய், உடனே புறப்பட்டு வாரும். பேரன் என்னை அடித்துவிட்டான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பிள்ளைக்கு வயது பதினான்கு. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கும் பிள்ளை. கரோல் பாகிலிருந்து மெட்ரோ ரயிலில் ஏறிப் போய்ச் சேரும்வரை என் மனம் ஒரு நிலையில் இல்லை.

நண்பர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். நெற்றியில் ஒரு வீக்கம். எதிரே மேஜையின்மேல், இரண்டாக முறிந்த மூக்குக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு வெண்ணிறக் கருவி. நீரில் மூழ்குவோர் கண்ணுக்கு அணியும் கவசம் போன்ற தோற்றம். அதனோடு கையில் பிடிக்கும் இரண்டு கைப்பிடிகள். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமன் மருமகனுக்கென்று கொண்டுவந்த பரிசு அது. அதை அணிந்துகொண்டு பையன் மந்திரவாதிகளோடும் அரக்கர்களோடும் வாட்போர் புரிந்துகொண்டிருந்தானாம். சாப்பிட அழைக்கத் தாத்தா அறைக்குள் நுழைந்தார். ஓங்கிய கை அவர் முகத்தில் விழுந்தது.

"இதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை யமுனையில் எறியப் போகிறேன்" என்றார் நண்பர்.

"எறியலாம். அவன் அதற்குள் என்ன பார்க்கிறான் என்று நீர் ஒரு தடவையாவது பார்த்ததுண்டா?" என்று கேட்டேன்.

"நான் ஏன் பார்க்க வேண்டும்? பைத்தியக்காரனைப் போல வெறுங்கையை வீசிக்கொண்டு நிற்கிறான். அதைத்தான் தினமும் பார்க்கிறேனே!"

இந்த விடைதான் என்னை இவ்விதழில் இப்பொருளைப் பற்றி எழுதத் தூண்டியது. வெளியில் நிற்பவருக்குத் தெரிவது வெறுங்கை. உள்ளே நிற்பவனுக்குத் தெரிவது மலை, கோட்டை, தீப்பிழம்பு, வாள். இருவரும் நிற்பது ஒரே அறை. ஆயினும் ஒருவர் உலகம் மற்றவருக்கு இல்லை.

'மெய்நிகர்' என்று இன்று வழங்கும் இந்த வித்தை முற்றிலும் புதியதன்று. நம் இரண்டு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட இரண்டு கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக்கும்போதுதான் ஆழமும் தொலைவும் நமக்குப் புலனாகின்றன. இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல் இதை விளக்கிக் காட்டினார். இரு கண்ணுக்கும் தனித்தனியே படம் காட்டினால் தட்டையான தாளிலும் ஆழம் தோன்றும் என்பது அவர் கண்ட உண்மை. வட்டத் தகட்டைச் செருகி விசையைத் தட்டிப் பார்த்த வியூ-மாஸ்டர் என்னும் விளையாட்டுப் பெட்டி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதன் பேரப்பிள்ளைதான் இந்தக் கருவி.

மார்ட்டன் ஹைலிக் என்னும் அமெரிக்கர் 1962-ல் 'சென்சொராமா' என்ற பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் அமர்ந்து பார்ப்பவருக்குப் படத்தோடு காற்றும் மணமும் இருக்கையின் அதிர்வும் கிடைக்கும். அடுத்து, 1968-ல், ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர் தலையில் அணியும் கருவி ஒன்றை அமைத்தார். தலை திரும்பிய பக்கமெல்லாம், கணிப்பொறி வரைந்த கோட்டுருவங்களும் அதற்கேற்ப மாறின. கூரையிலிருந்து தொங்கிய அந்த அமைப்புக்கு 'டாமக்ளிஸின் வாள்' என்று பெயர் வழங்கிற்று. மன்னனின் விருந்தில் ஒற்றைக் குதிரைமயிரில் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிடப்பட்ட வாள் பற்றிய பழைய கிரேக்கக் கதையிலிருந்து எடுத்த பெயர் அது.

கூரையில் தொங்கியது மெல்ல மெல்லத் தலைக்கு இறங்கியது. பால்மர் லக்கி என்ற இளைஞர் 2012-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி 'ஓக்குலஸ்' கருவியை வெளிக்கொணர முற்பட்டார். அவர் நிறுவனத்தை 2014-ல் ஃபேஸ்புக் விலைக்கு வாங்கியது. கணிப்பொறியோடு கம்பி பூட்டாமல் தனித்தே இயங்கும் 'குவெஸ்ட்' 2019-ல் வந்தது. அதில் பதித்த காமிராக்களும் அசைவு உணரிகளும் அணிந்தவரின் தலையும் கையும் எங்கே உள்ளன என்பதை இடைவிடாது அளக்கின்றன. இன்றைய கருவிகள் வினாடிக்கு 72 முதல் 120 தடவை படத்தைப் புதுப்பிக்கின்றன. தலை திரும்பிய பின் படம் திரும்பத் தாமதமானால் மயக்கம் வரும். உட்செவி ஒன்று சொல்லக் கண் வேறொன்று சொல்வதால் வரும் மயக்கம் அது. மலைப்பாதையில் பேருந்தில் செல்வோர் சிலருக்கு உண்டாகும் குமட்டலுக்கு நெருங்கிய உறவு.

இனி மந்திரத்துக்கு வருவோம். பழைய கணிப்பொறி விளையாட்டில் பொத்தானை அழுத்தினால் திரையிலுள்ள வீரன் மந்திரம் செய்வான். இங்கே வீரனும் நாமே, கையும் நம் கையே. 'தி விஸார்ட்ஸ்' என்னும் போலந்து நாட்டு விளையாட்டில் கையைக் குறிப்பிட்ட விதத்தில் அசைத்தால்தான் தீக்கோளம் பிறக்கும், கேடயம் விரியும். 2016-ல் வந்த 'தி அன்ஸ்போக்கன்' விளையாட்டில் இரண்டு மந்திரவாதிகள் எதிரெதிரே நின்று போர் புரிகின்றனர். 'பிளேட் அண்ட் சோர்சரி' என்பது 2018-ல் முன்வடிவாக வெளிவந்து, 2024-ல் நிறைவு பெற்றது. அதில் தீ, மின்னல், ஈர்ப்பு என மந்திரங்கள் பல உண்டு. வாளும் ஈட்டியும் உண்டு. குருதி கொட்டும் காட்சிகள் நிரம்பியது, சிறுவர்க்கு உரியதன்று.

ஆயினும் அதில் ஒரு நுட்பம் என் சிந்தனையைக் கவர்ந்தது. கையில் இருப்பதோ சிறு கைப்பிடி. அதற்கு வாளின் கனம் எப்படி வரும்? பெரிய கோடரியை எடுத்துச் சட்டென்று வீசினால், விளையாட்டிலுள்ள கோடரி நம் கையோடு கூடவே வராது. பின்தங்கி மெதுவாக வரும். கண் அதைக் கண்டு, 'இது கனமானது' என்று மனத்தை நம்ப வைக்கிறது. நாமும் நம்மை அறியாமல் இரு கையாலும் பிடித்து நிதானமாக வீசத் தொடங்குகிறோம். கனம் இல்லாத இடத்தில் கனத்தைக் கண்ணால் ஊட்டுகிறார்கள்! ஆனால் வாள் பகைவன்மேல் பட்டால் கையைத் தடுத்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. கைப்பிடி சற்று அதிரும், அவ்வளவே.

இவற்றில் பாதியை அன்று எனக்குக் கற்பித்தவன் அந்தப் பையன்தான். அறையின் மூலையில் முகம் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தவனைக் கூடத்துக்கு அழைத்தேன். "தாத்தாவுக்கும் எனக்கும் இதைக் காட்டுவாயா? சண்டை வேண்டாம். சாதுவான மந்திரமாக ஒன்று இருந்தால் காட்டு" என்றேன்.

அவன் 'வால்ட்ஸ் ஆஃப் தி விஸார்ட்' என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஐஸ்லாந்து நாட்டவர் படைத்தது. மந்திரவாதியின் கோபுர அறை. நடுவே ஒரு கொப்பரை. அருகே பேசும் மண்டையோடு ஒன்று. பொருள்களை எடுத்துக் கொப்பரையில் இட்டால் மந்திரம் பிறக்கும். நண்பர் முதலில் மறுத்தார். பிறகு என் பொருட்டு இசைந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே அணிந்துகொண்டார். அணிந்த கணம் இரண்டு கையையும் காற்றில் நீட்டித் தடுமாறினார்.

"தாத்தா, பயப்படாதீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். கையை முன்னாடி நீட்டுங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆமாம், அதைப் பிடிச்சுக் கொப்பரையில போடுங்க!"

நான் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொழிபவன். தமிழில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் விடையளித்துவிட்டு நகர்பவன். அன்று தாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டு கால் மணி நேரம் தமிழிலேயே பேசினான். வேறு வழியில்லை. கண் மறைந்த முதியவருக்கு அவன் குரலே கைகோல். சொல் தெரியாத இடத்தில் திணறினான்; தாத்தா எடுத்துக் கொடுத்தார். "இதுக்குப் பேர் அகப்பையடா" என்று கருவிக்கு உள்ளேயிருந்தே பாடம் நடந்தது.

கருவியைக் கழற்றிய நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "நீ அறைக்குள் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லையே!" என்றார் என்னிடம். அதுதான் அவருக்கு விளங்க வேண்டிய செய்தி. பேரன் தம்மைப் பார்த்து அடிக்கவில்லை. பார்க்க முடியாத இடத்தில் அவன் இருந்தான்.

அப்போது பையன் தலைகுனிந்தபடி சொன்னான்: "விளையாட்டுல எத்தனை வெட்டு வெட்டினாலும் கையில ஒண்ணும் தடுக்காது, தாத்தா. அன்னைக்குத் தடுத்துச்சு. உடனே தெரிஞ்சுடுச்சு, இது விளையாட்டு இல்லேன்னு. அதான் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்தேன்."

இந்தச் சொல்லைக் கேட்க நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அதுவரை 'ஏன் அடித்தாய்?' என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். 'என்ன நடந்தது?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்பர்களே, மந்திரமும் வாளும் நிறைந்த விளையாட்டுகளால் பிள்ளைகள் கொடியவர்களாகிவிடுவார்களோ என்று அஞ்சும் பெற்றோர் பலர். அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. அடியின் கனத்தை அறியாமல் நூறு முறை அடித்துப் பழகும் கை எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றே. ஆனால் கனம் எது, கனமில்லாதது எது என்று பிள்ளைக்குப் பகுத்துக் காட்டுவது யார்? அந்தக் கருவி காட்டாது. அலமாரிப் பூட்டும் காட்டாது. வீட்டிலுள்ள பெரியவர்களே காட்ட வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு தடவையேனும் அவ்வுலகின் வாயிற்படியில் கால் வைத்திருக்க வேண்டும்.

ஊரை விட்டு வந்து வாழும் நம் இல்லங்களில் ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகங்கள் இருப்பது புதிதன்று. நாம் நினைக்கும் ஊரைப் பிள்ளைகள் கண்டதில்லை. அவர்கள் பழகும் வீதியின் மொழி நமக்கு முழுதும் வசப்பட்டதில்லை. நம் ஆற்றங்கரையும் கோயில் தெருவும் அவர்களுக்கு வெறுங்கை வீச்சாகத் தோன்றலாம். நம் உலகுக்குள் அவர்கள் வர வேண்டும் என்று விரும்புகிற நாம், அவர்கள் உலகுக்குள் கால் மணி நேரம் போய் வருவதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

அன்று மாலை நாங்கள் மூவரும் கூடிச் சில விதிகள் வகுத்தோம். பிறருக்கும் பயன்படும் என்பதால் இங்கே குறிக்கிறேன். விளையாடும் இடம் இனிக் கூடம், பூட்டிய அறையன்று. கண்ணாடிப் பொருள்களையும் மேஜையையும் முன்னதாகவே ஒதுக்கிவிட வேண்டும். கருவி காட்டும் எல்லைக்கோடு, அணிந்தவன் கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கும்; வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வருவதை அது காட்டிக் கொடுக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. ஆகையால் தரையில் ஒரு பாயை விரித்து, பாய்க்குள் யாரும் கால் வைக்கலாகாது என்று ஏற்பாடு. அழைக்க வேண்டுமானால் தூர நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். உள்ளே தெரியும் காட்சியைத் தொலைக்காட்சியிலும் காணும்படி இணைக்கலாம். அப்படியே செய்ய வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி ஓய்வு. தலை சுற்றினால் அன்றைய ஆட்டம் அத்துடன் முடிவு. வயதையும் கவனிக்க வேண்டும். முன்பு பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர்க்கே என்றிருந்த மெட்டா நிறுவனம், 2023-ல், பெற்றோர் மேற்பார்வையோடு பத்து வயது முதல் இசைவளித்தது. சோனி நிறுவனமோ பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது. விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் தனி வயது வரம்பும் உண்டு. வாங்குமுன் அதைப் படிப்பது பெற்றோர் கடமை. பையன் விளையாடிய வாட்போர் அவன் வயதுக்கு உரியதன்று என்று அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. அதை அவனே நீக்கினான்.

மறுநாள் பேரனும் தாத்தாவும் சேர்ந்தே கண்ணாடிக் கடைக்குச் சென்றார்களாம். சட்டத்தைத் தேர்ந்தெடுத்தவன் பேரன். சற்று நாகரிகமாகத்தான் இருக்கிறது, நண்பருக்கும் பொருந்துகிறது. சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டேன், "யமுனைக்குப் போனீரா?" என்று.

"போகவில்லை. நேற்று அந்தக் கொப்பரையில் எதையோ போட்டேன், வேறெதுவோ ஆகிவிட்டது. பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நீர் ஞாயிற்றுக்கிழமை வாரும்" என்றார்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய கருவி நுழைந்திருந்தால், அணிந்து பார்த்த பெரியவர்கள் எழுதுங்கள். அணிவித்த பிள்ளைகளும் எழுதட்டும், தமிழில்.