மக்கள் நலப் பணியாளர்: வேலையா, பந்தாட்டமா?

வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து ஊர்ப்பணி செய்ய வைத்தால் என்ன? கேட்க நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது. இளைஞனுக்கு வருமானம், ஊருக்கு ஒரு ஆள். ஆனால் தமிழ்நாடு இதை 1989லேயே செய்து பார்த்துவிட்டது. என்ன ஆனது?

அந்த வருடம் திமுக அரசு, பத்தாவது முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்களை 'மக்கள் நலப் பணியாளர்' என்ற பெயரில் நியமித்தது. ஊராட்சிக்கு இரண்டு பேர். மொத்தம் 12,617 ஊராட்சிகள், 25,234 பேர். ஊராட்சி வேலைகளில் கூடமாட உதவுவதும் அரசுத் திட்டங்களை மக்களிடம் கொண்டு போவதும் அவர்கள் பொறுப்பு.

1991ல் ஆட்சி மாறியது. அதிமுக அரசு அவர்களை நீக்கியது. 1997ல் திமுக அரசு மறுபடி சேர்த்தது. 2001ல் அதிமுக அரசு மறுபடி நீக்கியது. 2006ல் சேர்ப்பு, 2011ல் நீக்கம்! கடைசியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மட்டும் சுமார் 13,500 பேர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 1989ல் 20 வயதில் சேர்ந்த ஒருவருக்கு வேலை போகும்போது வயது 22. திரும்பக் கிடைக்கும்போது 28. அடுத்து போகும்போது 32. மறுபடி கிடைக்கும்போது 37. கடைசியாகப் போகும்போது 42. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை" என்று சொல்வதா, வேண்டாமா என்று அந்த வீட்டில் எத்தனை முறை குழம்பியிருப்பார்கள்?

"கட்சிக்காரர்களுக்குக் கொடுத்த வேலை, செய்ய வேலையே இல்லை" என்பது ஒரு தரப்பின் வாதம். "ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள்" என்பது மறுதரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஆளே தேவையில்லை என்றால் வேறு வேலைக்கு மாற்றலாம், பயிற்சி கொடுத்து அனுப்பலாம். திட்டத்தில் குறை இருந்தால் அதற்கு அந்த இளைஞனா தண்டனை அனுபவிப்பது?

அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது, 1933ல் அதிபர் ரூஸ்வெல்ட் இளைஞர்களுக்காக ஒரு வனப் பாதுகாப்புப் படை தொடங்கினார். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் பெரும்பகுதி நேராகக் குடும்பத்துக்குப் போய்விடும். 1942ல் மூடும்வரை சுமார் 30 லட்சம் பேர் வேலை செய்தார்கள், கோடிக்கணக்கில் மரம் நட்டார்கள். அதிலும் குறை உண்டு. பெண்களுக்கு இடமில்லை, கறுப்பினத்தவருக்குத் தனி முகாம். ஆனாலும் சேரும்போதே ஆறு மாதம் என்று காலம் சொல்லிவிட்டார்கள், விரும்பினால் நீட்டித்துக் கொள்ளலாம். வந்தவனுக்குத் தன் நிலை தெரியும்.

நம் ஊரில் அதுதான் இல்லை.  ஒரு அரசாணையில் வந்த வேலை இன்னொரு அரசாணையில் போனது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022ல் திமுக அரசு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பணி, மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தது. 2023ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அன்றைய 20 வயது இளைஞனுக்கு அப்போது 54 வயது!

இனி எந்த அரசு இப்படி ஒரு திட்டம் கொண்டு வந்தாலும் முதலில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு? முடியும்போது கையில் என்ன தொழில் இருக்கும்? ஆட்சி மாறினாலும் நிற்கும்படி சட்டமன்றத்தில் சட்டம் இருக்கிறதா? இதற்குப் பதில் இல்லையென்றால் அது வேலைவாய்ப்பே இல்லை, அடுத்த தேர்தல் வரைக்கும் கொடுத்த கைச்செலவு. போன சம்பளத்தைக்கூட ஒரு அரசு திருப்பிக் கொடுத்துவிடலாம். போன வயதை யார் கொடுப்பது?