திரி ஏன் கருக்கிறது?

சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த என் தங்கை பேரன், தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். துபாயில் வேலை பார்க்கிறான், பத்து நாள் லீவில் வந்திருந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டவுசர் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் குப்பியை எடுத்தான். கட்டை விரல் அளவுதான் இருக்கும்.

"தாத்தா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்லா. இந்தத் திரி ரெண்டே நாள்ல கருத்துப் போவுது. என்ன செஞ்சா கருக்காது?"

வேப் என்கிறார்களே, மின் சிகரெட், அதன் தலைப்பகுதி அது. ஆட்டமைசர் என்று பெயராம். கடையில் வாங்கி அப்படியே இழுத்துத் தூக்கிப் போடுகிற ரகம் இல்லை. கழற்றி, கம்பி சுற்றி, பஞ்சு வைத்து நாமே மறுபடி கட்டிக்கொள்கிற ரகம். உள்ளே ஸ்பிரிங் போல ஒரு கம்பிச் சுருள். சுருளுக்கு நடுவே பஞ்சு. பாட்டரி கம்பியைச் சூடாக்கும், பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகும், அந்த ஆவியை இழுக்க வேண்டும். எப்படி இதை விமான நிலையம் தாண்டிக் கொண்டுவந்தான் என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாடு 2018-லேயே இதைத் தடை செய்துவிட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரித்தாலோ, விற்றாலோ, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலோ முதல் தடவைக்கு ஒரு வருடம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதைச் சொன்னேன். "தெரியும் தாத்தா" என்றான். அவ்வளவுதான்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பஞ்சைப் பார்த்தேன். நடுப்பகுதி கருப்பட்டிப் பாகு நிறத்தில் இறுகிப்போயிருந்தது.

நம் வயதுக்காரர்களுக்குத் திரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிம்னி விளக்கிலும் அரிக்கேன் விளக்கிலும் படித்து வந்தவர்கள் நாம். சாயங்காலம் ஆனால் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது, திரியின் கருகிய நுனியைக் கத்தரியால் நேராக வெட்டுவது, சீமெண்ணெய் அளவைப் பார்ப்பது எல்லாம் வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேலை. எண்ணெய் இருக்கும்வரை திரி எரியாது, எண்ணெய்தான் எரியும். திரவம் ஆவியாகும்போது சூட்டைத் தன்னோடு கொண்டுபோகிறது, அதனால் பஞ்சு தப்பிக்கிறது. லேபில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டி எத்தனையோ வருடம் பையன்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் வற்றினாலும், திரியை இறுக்கித் திணித்ததால் எண்ணெய் மேலே ஏற முடியாவிட்டாலும் திரி கருகும். எண்ணெயில் கசடு இருந்தாலும் அது திரியின் கண்ணை அடைத்துவிடும்.

அவன் குப்பியிலும் இதே கதைதான். பஞ்சை அமுக்கித் திணித்திருந்தான். கொஞ்சம் உருவித் தளர்த்தச் சொன்னேன். அந்தத் திரவத்தில் முக்கால்வாசி கிளிசரின். பாகு மாதிரி கெட்டி, மெதுவாகத்தான் ஏறும். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடைவெளி விடாவிட்டால் கம்பி காய்ந்த பஞ்சைச் சுடும். பாட்டரியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். கம்பிச் சுருளில் ஒரு இடம் மட்டும் தனியாகச் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சு சுத்தமான மருத்துவப் பஞ்சாக இருக்க வேண்டும். செடியிலிருந்து பறித்த பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு, அது தண்ணீரை ஒட்டவிடாது. காரம் போட்டு வேகவைத்து அந்த மெழுகை எடுத்த பிறகுதான் பஞ்சு உறிஞ்சும். இங்கிருந்து ராஜபாளையம் போனால் பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஊரே பேண்டேஜ் துணி நெய்கிறது; இந்த விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கொஞ்சம் நிறம் மாறுவது தவிர்க்க முடியாதது. நிகோடினே காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகிற சரக்கு. ஆனால் பாகு போல இறுகுவது வேறு. "இதுல இனிப்பு போட்டிருக்கானால?" என்று கேட்டேன். பாட்டிலைக் காட்டினான். மாம்பழமும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஏதோ ஒரு வாசனை. சுக்ரலோஸ் மாதிரி ஒரு இனிப்புச் சரக்கு சேர்த்திருப்பார்கள். அது ஆவியாகிப் போகாது. கம்பியிலேயே தங்கி, தீய்ந்து, அடுக்கடுக்காக ஒட்டும். அடிப்பிடித்த பாயசப் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு இல்லாத திரவத்தை ஊற்றினால் திரி கூடுதல் நாள் வெள்ளையாக இருக்கும் என்றேன். "அப்ப டேஸ்ட்டே இருக்காதே தாத்தா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். அவன் மேல் இல்லை. சிகரெட்டை விட முடியாமல் தவிக்கிற நடுவயதுக்காரனுக்கு மாம்பழ ஐஸ்கிரீம் எதற்கு? இதை உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். சொந்தப் புகைப் பழக்கத்தை விடத்தான் 2003 வாக்கில் இதைச் செய்தார் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அதில் இனிப்பைச் சேர்த்தவர்கள் யாரை மனதில் வைத்துச் சேர்த்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க கெமிஸ்ட்ரி தேவையில்லை. என் பேரன் சிகரெட்டை விடுவதற்காக இதற்கு வந்தவன் இல்லை. வாழ்க்கையில் சிகரெட்டைத் தொட்டதே இல்லையாம். நேராக இதற்கே வந்திருக்கிறான்.

கிளிசரினை அளவுக்கு மேல் சுட்டால் அக்ரோலின் வரும். பிளஸ் டூ பிராக்டிகலில் எண்ணெயைப் பொட்டாசியம் பைசல்பேட்டோடு சூடாக்கி மோந்து பார்க்கச் சொல்வோம். பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எண்ணெய்ச் சட்டி தீயும்போது கண்ணைக் கரிக்கிற நெடி அதுதான். ஒரு சிட்டிகை வாசனைக்கே லேப் ஜன்னலைத் திறந்துவிட்டவன் நான். காய்ந்த திரியில் அவன் இழுப்பது அதையேதான், மாம்பழ வாசனை மட்டும் கூடுதல். இதையும் அவனிடம் சொன்னேன்.

ராத்திரி என் தங்கை சண்டைக்கு வந்தாள். "புத்தி சொல்லுவீகன்னு பாத்தா, அதை எப்படி நல்லா வச்சுக்கிடணும்னு பாடம் எடுத்திருக்கீக. நல்லா இருக்கு அண்ணாச்சி!" அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் 'விட்டுரு' என்று மட்டும் சொன்னால், அவன் பதிலை வேறு எங்காவது போய்த் தேடிக்கொள்வான். அங்கே அக்ரோலினைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்தப் பக்கத்தில் கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பெண்கள் மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். என் அம்மாவும் சுற்றினாள். நான் பி.எஸ்சி. படித்தது அந்தக் காசில். அப்பா அந்தப் பீடியைக் குடித்தார். கடைசி இரண்டு வருடம் கட்டிலில் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் தெருவரை கேட்கும். அப்போது எங்களில் ஒருவரும் அந்தப் புகை உள்ளே போய் என்ன செய்கிறது என்று அவரிடம் உட்கார்ந்து பேசியதில்லை. 'குடிக்காதீங்க' என்று மட்டும் தினமும் சொன்னோம். அவரும் தினமும் சரி என்றார்.

மின் சிகரெட்டுக்குத் தடை, பீடி மட்டும் பெட்டிக்கடையில் கட்டுக் கட்டாக. இதை வைத்து அந்தத் தடை போலி என்று சிலர் வாதாடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு ஓட்டையை அடைக்க முடியவில்லை என்பதற்காக இன்னொன்றைத் திறந்து வைக்க வேண்டுமா? பீடியை ஒரே நாளில் நிறுத்தினால் இத்தனை வீட்டு அடுப்பு என்னவாகும் என்பது தனிக் கேள்வி. அதற்கு வேறு தொழில் வர வேண்டும், அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் அவன் என்னைப் பைக்கில் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். கூட்டம் இல்லை. திரும்பும் வழியில் ஒரு மருந்துக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு பாக்கெட் மருத்துவப் பஞ்சு வாங்கினான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த மாம்பழ பாட்டில் மட்டும் புழக்கடைக் குப்பைக் கூடையில் காலியாகக் கிடந்தது. கொட்டினானா, தீர்த்தானா என்று தெரியவில்லை.